புரவலருக்கு நன்றி

அக்டோபர் 4, சனி

இந்த டைரி இன்று முத்துநகை பல் மருத்துவமனையில் இலவசமாகக் கொடுத்தது. ஆண்டு முடிய மூன்று மாதம் இருக்கும்போது டைரி கொடுக்கிற தாராளம் யாருக்கு வரும்? ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் ஒரு பல் கண்ணடித்துச் சிரிக்கிறது. ஜனவரி முதல் செப்டம்பர் வரையுள்ள பக்கங்கள் பால் கணக்குக்கு ஆகும்.

பல் உடைந்த கதையை முதலில் எழுதிவிடுகிறேன். பிற்காலத்தில் யாரும் திரித்துச் சொல்லிவிடக் கூடாது. நான் பகலில் மின்வாரிய அலுவலகத்தில் எழுத்தர், மாலையில் பட்டிமன்றப் பேச்சாளர் 'சொல்லரசி' வசந்தாமணி. போன வாரம் கவுந்தப்பாடிக் கோயில் விழாவில் கூட்டம். எதிரணித் தலைவி கனகவல்லி பேசி முடித்து மைக்கை என்னிடம் நீட்டினாள். நான் சற்று விரைவாக வாங்கிக்கொண்டேன். அவள் இன்னும் விடவில்லை. அவள் விட்டபோது மைக் என் முன்பல்லில் வந்துதான் நின்றது. இது கொலை முயற்சி என்பது என் கருத்து. "அக்கா, நீங்கதான புடுங்குனீங்க" என்பது அவள் கருத்து. நடுவர் புலவர் மாரப்பன் ஐயா வழக்கம்போல இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதாகச் சொல்லிவிட்டார்.

டாக்டர் நிஷாந்த் எங்கள் குழுவின் கூட்டங்களுக்கெல்லாம் புரவலர். அதனால் வேறு யாரிடமும் போகத் தோன்றவில்லை. உடைந்த பல்லைப் பத்தே நிமிடத்தில் பிடுங்கினார். பக்கத்தில் சும்மா இருந்த இரண்டு நல்ல பல்லையும் ராவி, மூன்றுக்கும் சேர்த்துத் தற்காலிகமாக ஒன்றைப் பொருத்தினார். நிரந்தரப் பல் அடுத்த வாரமாம்.

அக்டோபர் 11, சனி

கோபியில் கூட்டம். வீட்டை நடத்துவது வருமானமா, நிர்வாகமா? நான் நிர்வாகம். மார்ச்சில் இதே தலைப்பில் நான் வருமானம். அன்றும் வென்றேன்.

தற்காலிகப் பல் அருமையாக ஒத்துழைத்தது. எங்கள் குழு வழக்கப்படி முதலில் பேசுகிறவர்தான் புரவலருக்கு நன்றி சொல்ல வேண்டும். ஒரு வரி போதும் என்பது விதி. எனக்கு ஒரு வரி எப்போது போதுமாயிருந்திருக்கிறது? "உடைந்த பல்லோடு போனேன், உலக அழகியாகத் திரும்பினேன்! என் சொல்லுக்கு உயிர் தமிழ் என்றால், என் பல்லுக்கு உயிர் டாக்டர் நிஷாந்த்!" என்றேன். கைதட்டல் அடங்கவே இல்லை. டாக்டர் முன்வரிசையில் எழுந்து நின்று நான்கு திசைக்கும் கும்பிட்டார்.

இறங்கும்போது கனகவல்லி காதருகே வந்தாள். "வேலை முடியறதுக்குள்ள சர்ட்டிபிகேட் குடுத்துட்டீங்ளேக்கா."

பொறாமை.

அக்டோபர் 15, புதன்

நிரந்தரப் பல் வந்துவிட்டது. பிரிட்ஜ் என்கிறார்கள். இரண்டு பக்கத்துப் பல்லையும் தூணாக்கி, நடுவில் பொய்ப்பல்லைத் தாங்க வைக்கும் ஏற்பாடு. டாக்டர் ஊசி போட்டார், ஒட்டினார், "கடிங்க மேடம்" என்றார். மரத்துப்போன வாயால் எதைக் கடிப்பது? கன்னத்தைக் கடித்தேன். வெளியே ஒரு கூட்டமே காத்திருந்தது. அவர் ஒரு கண்ணைக் கடிகாரத்தில் வைத்துக்கொண்டுதான் என் வாயைப் பார்த்தார்.

கண்ணாடியில் பார்த்தேன். கல்யாண வீட்டில் போட்டோவுக்கு முண்டியடிக்கும் ஒறம்பரைக் கூட்டம் மாதிரி மூன்று பல்லும் முன்னால் வந்து நின்றன.

"கொஞ்சம் தூக்கலா இருக்குதுங்களே டாக்டர்?"

"பழகிடும் மேடம்."

அக்டோபர் 20, தீபாவளி

கடிக்க முடியாமல் முறுக்கை டீயில் நனைத்துத் தின்றேன். என் வீட்டுக்காரர் குழந்தைவேலு மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். எதைப் பார்த்தாலும் அவருக்கு மோட்டார்தான். "மணி, நீ பேசறப்ப எங்கியோ காத்து லீக் ஆகுதாட்ட இருக்குது" என்றார்.

நல்ல நாளும் அதுவுமாகப் பேசுகிற பேச்சா? அவரோடு பேசுவதில்லை என்று முடிவு செய்தேன். மதியம் வரை கடைப்பிடித்தேன்.

அக்டோபர் 28, செவ்வாய்

லீக் உண்மைதான். 'ச' வருகிற இடமெல்லாம் விசில் வருகிறது. டாக்டரிடம் போய், "சந்தோஷம், சர்க்கரை, சாமி" என்று சொல்லிக் காட்டினேன். மூன்று விசில். வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து வாலாட்டியது. ஈறில் ரத்தம் வருவதையும், வாயில் ஒரு வாடை இருப்பதையும் சொன்னேன்.

"அழுத்தித் தேய்க்காதீங்க" என்றார். ஓரத்தில் எதையோ கொஞ்சம் ராவினார். "பழகிடும் மேடம். நாக்குக்கு டைம் குடுங்க."

ஐம்பத்து மூன்று வருடம் கொடுத்தாயிற்று.

நவம்பர் 8, சனி

பெருந்துறையில் ஒரு பள்ளி ஆண்டு விழா. "சபையோர்க்கு" என்று தொடங்கினேன். விசில் மைக்கில் ஏறி, ஸ்பீக்கரில் இறங்கி, மைதானத்தைச் சுற்றி வந்தது. பின்வரிசைப் பையன்கள் பதில் விசில் அடித்தார்கள். அடுத்த 'ச'வுக்கு இன்னும் நான்கு பேர். கொஞ்ச நேரத்தில் 'ச' இல்லாத வார்த்தையாகத் தேடித் தேடிப் பேசினேன். தமிழில் அவை மிகக் குறைவு என்று இன்றுதான் தெரிந்தது.

மாரப்பன் ஐயா மைக்கை வாங்கி, "அம்மா பேச வந்தாங்களா, பஸ்ஸ நிறுத்த வந்தாங்களா?" என்றார். கூட்டம் உருண்டு புரண்டது. நானும் சிரித்தேன், வாயைக் கையால் மூடிக்கொண்டு. கனகவல்லி மட்டும் ஏனோ தன் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

மேடை என்றால் இதெல்லாம் சகஜம். நான் ஒன்றும் நினைத்துக்கொள்ளவில்லை. பேருந்தில் வரும்போது கண்ணில் தூசி விழுந்து கோபி வரை கலங்கிக்கொண்டே இருந்தது. ஜன்னல் மூடித்தான் இருந்தது, எப்படியோ வந்துவிட்டது.

நவம்பர் 9, ஞாயிறு

எழுத ஒன்றுமில்லை.

நவம்பர் 19, புதன்

மாரப்பன் ஐயா போன் செய்தார். அடுத்த இரண்டு கூட்டத்துக்கும் என்னை ஓய்வெடுக்கச் சொன்னார். மிகவும் நல்லது. பரணைச் சுத்தம் செய்தேன். பரணில் கிடந்த பொன்னாடைகளைத் துவைத்தேன். காய்ந்ததும் மறுபடி பரணிலேயே போட்டேன்.

இந்த மனுஷன் மூன்று வாரமாகக் குழைந்த ரசஞ்சோறு போதும் என்கிறார். வறுவல் வேண்டாம், அப்பளம் வேண்டாம், வயிறு சரியில்லையாம். சாயங்காலம் பட்டறைப் பக்கம் போனால், எதிர் பேக்கரியில் நின்று பக்கோடாவை நொறுக்கிக்கொண்டிருக்கிறார்! வயிறு சரியில்லாதவர் தின்கிற பண்டமா அது? அங்கேயே வைத்துத் திட்டினேன். என்னைப் பார்த்தார், மிச்சத்தைப் பொட்டலம் கட்டச் சொன்னார், பட்டறைப் பையனிடம் கொடுத்துவிட்டார்.

நவம்பர் 24, திங்கள்

மேலுதடு வீங்கிவிட்டது. ஈரோட்டில் டாக்டர் ரெஜினா என்று ஒருவரிடம் போனேன். அவருக்கு யாருக்கும் புரவலராக இருக்கிற வசதி இல்லை போலிருக்கிறது, டைரியெல்லாம் தரவில்லை. முதல் காரியமாக எக்ஸ்ரே எடுத்தார். படத்தை விளக்கில் பிடித்துக் காட்டினார்.

"இந்தா தெரியுது பாருங்க. பிடுங்குன பல்லோட வேர்த் துண்டு உள்ளயே இருக்கு. அதுக்கு மேலயே பிரிட்ஜ் ஒட்டியிருக்கு. கீழ சீழ் வெச்சிருக்கு. ஓரமும் சரியா உக்காரல."

"பழகாதுங்களா?"

"சீழ் எப்படிங்க பழகும்?"

இத்தனை நாளாக என் நாக்குதான் மக்கு என்று நினைத்திருந்தேன். அதை இங்கே எழுதியதில்லை. இன்று எழுதுகிறேன்.

இதை எழுதித் தருவீர்களா என்று கேட்டேன். "இன்னொரு டாக்டர் வேலையப் பத்தி எழுதறது எங்களுக்குக் கஷ்டம்" என்றார். நான் எழுந்திருக்கவில்லை. வெளியே யாரோ இருமினார்கள். அப்போதும் எழுந்திருக்கவில்லை.

"சரி. நான் பார்த்தத எழுதறேன். யாரு மேல தப்புன்னு எழுத மாட்டேன். படத்தையும் எடுத்துக்குங்க. வீக்கம் வடியட்டும், அப்புறம் கழட்டலாம். கழட்டறதுக்கு முன்னாடி போட்டோ எல்லாம் எடுத்து வெச்சுக்கலாம்."

நவம்பர் 26, புதன்

வீட்டுக்காரர் முத்துநகையின் கண்ணாடியை உடைக்கப் போவதாகச் சொன்னார். ஸ்பேனரைக்கூட எடுத்துவிட்டார். கண்ணாடிக்குப் பின்னால் பாவம் அந்த வரவேற்புப் பெண் உட்கார்ந்திருப்பாள் என்றதும் வைத்துவிட்டார். இணையத்தில் ஒற்றை நட்சத்திரம் போட்டு, 'வேருக்கு மேல் வீடு கட்டிய படுபாவி' என்று நானே எழுதினேன். அனுப்புவதற்குள் ஒரு யோசனை. இந்தக் கோபியில் எனக்குத் தெரிந்த ஒரே வக்கீல் கனகவல்லி. அவள் படியேறுவதற்கு இன்னொரு பல்லைக் கொடுத்துவிடலாம்.

நவம்பர் 27, வியாழன்

ஏறினேன்.

ஜவுளிக்கடை மாடியில் அவள் ஆபீஸ். இரவெல்லாம் எழுதிய புகாரைக் கொடுத்தேன். பதினோரு பக்கம். "மாண்புமிகு ஆணையத்தீர்! ஒரு பல்லின் கண்ணீரைக் கேளீர்!" என்று தொடக்கம். அவள் கடைசி வரை படித்தாள், அதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

"அக்கா, நல்லாருக்குது. ஆனா அங்க கைதட்ட ஆளிருக்காதுங்க."

"அப்ப என்ன பண்ணட்டும்?"

"மொதல்ல அவருக்கே எழுதணும். இன்ன தேதில இது பண்ணுனீங்க, இப்ப இது இருக்குது, என்ன சொல்றீங்கன்னு. கூடவே உங்க பைல், எக்ஸ்ரே, பில்லு எல்லாத்தோட நகலும் கேக்கணும். அது நம்மு வாய், நம்மு பைலு, கேக்கறதுக்கு உரிமை இருக்குது. பதில் வரட்டும். அப்புறம் ரெண்டு வழி. மாநிலப் பல் மருத்துவக் கவுன்சிலு அவரு தொழில் பண்ற லட்சணத்தப் பாக்கும். நுகர்வோர் ஆணையம் உங்குளுக்கு ஆன நஷ்டத்தப் பாக்கும். ரெண்டுக்கும் போடலாம்."

"நானே போய்ப் பேசுனா ஆகாதுங்களா கனகு?"

"ஆகுமுங்க. வக்கீல் வேணும்னே கட்டாயமில்ல. ஆனா நீங்க பேசி முடிக்கறதுக்குள்ள எனக்குப் பேரன் பொறந்துருவான்."

படுபாவி விமர்சனத்தைக் காட்டினேன். போனைப் பிடுங்கி அழித்துவிட்டாள். அதைப் போட்டால் அவர் என் மேல் வழக்குப் போடுவாராம், அப்புறம் கேஸ் பல்லைப் பற்றி இருக்காது, வாயைப் பற்றி இருக்குமாம்.

பதினோரு பக்கத்தை ஒரு பக்கமாக்கினாள். என் வாதம் நீளம் என்பது எதிரணிக்காரியின் பத்து வருடக் கருத்து, இன்று நிறைவேற்றிக்கொண்டாள். பீஸ் என்ன என்று கேட்டேன்.

"அட போங்கக்கா. மைக்க விட்டது நான்தானுங்க."

கொலை முயற்சியை ஒருவழியாக ஒப்புக்கொண்டாள். மனது கேட்காமல், நான்தான் இழுத்தேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

டிசம்பர் 2, செவ்வாய்

பிரிட்ஜ் போயிற்று, வேர்த் துண்டும் போயிற்று. ஒரு கடுகளவு எலும்பு மாதிரி இருந்தது. இதற்கா இத்தனை பாடு? புண் ஆறும் வரை கழற்றி மாட்டுகிற பல் ஒன்று கொடுத்திருக்கிறார் டாக்டர் ரெஜினா. மாட்டிக்கொண்டு, "சந்தோஷம், சர்க்கரை, சாமி" என்றேன். விசில் இல்லை. இன்னொரு முறை சொன்னேன். அப்புறம் வீடு வரும் வரை சொல்லிக்கொண்டே வந்தேன். பேருந்தில் பக்கத்து அம்மாள் இடம் மாறி உட்கார்ந்தார்.

டிசம்பர் 12, வெள்ளி

முத்துநகையிடமிருந்து வக்கீல் மூலமாகப் பதில். எக்ஸ்ரே எடுக்கவே இல்லையாம், அதனால் நகல் தர இயலாதாம். பழகும்வரை பொறுக்காத நோயாளியின் தவறாம். இதற்கெல்லாம் நான் அசரவில்லை. கூடவே ஒரு வீடியோ அனுப்பியிருந்தார்கள். கோபிக் கூட்டம். "என் பல்லுக்கு உயிர் டாக்டர் நிஷாந்த்!" என்று கையை வீசி முழங்குகிறேன். 'நோயாளி பொதுமேடையில் முழுத் திருப்தியைத் தெரிவித்துள்ளார்' என்று அடியில் எழுதியிருக்கிறது.

தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். என்னை எதிர்த்து இதுவரை யாரும் இவ்வளவு நன்றாகப் பேசியதில்லை.

கனகவல்லி வீடியோவை இரண்டு முறை பார்த்தாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். எனக்குக் கோபம்.

"அக்கா, இது எந்தத் தேதிங்க?"

"அக்டோபர் பதினொண்ணு."

"பிரிட்ஜ் ஒட்டுனது?"

"பதினஞ்சு."

"அப்பறம் என்னங்க? நீங்க பாராட்டுனது தற்காலிகப் பல்ல. இதுல எத்தன 'ச' பேசறீங்க, ஒரு விசிலாச்சும் இருக்குதா? இது கூடவே பெருந்துறை வீடியோவயும் வெச்சுப் பாத்தா, பிரிட்ஜ் ஒட்டறதுக்கு முன்னால எப்படிப் பேசுனீங்க, பின்னால எப்படிப் பேசுனீங்கன்னு சின்னப் புள்ளைக்குக் கூடப் புரியும். நாம தேடிப் புடிக்க வேண்டியத அவியளே கவர்ல போட்டு அனுப்பியிருக்காங்க."

வாழ்க்கையில் முதல்முறையாக அவள் தீர்ப்பை முழு மனதாக ஏற்றுக்கொண்டேன். திங்கட்கிழமை இரண்டு இடத்துக்கும் புகார் போகிறது.

டிசம்பர் 21, ஞாயிறு

மாரப்பன் ஐயா வீட்டுக்கே வந்தார். காபியை ஆற்றிக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை. மாட்டுப் பொங்கல் கூட்டத்துக்கும் டாக்டர்தான் புரவலராம். உள்ளூர் கேபிளில் நேரலையாம். நான் புகாரை வாபஸ் வாங்கிக்கொள்ளாவிட்டால் மேடையில் நான் கூடாது என்று டாக்டர் சொல்கிறாராம்.

"இருவத்திரெண்டு வருசமா பேசறீங்க. ஒரு பல்லுக்காக விட்டறாதீங்கம்மா" என்றார்.

அவர் போனதும் அழுதேன். பயமாக இருக்கிறது. மேடை இல்லாவிட்டால் நான் மின்கட்டணப் புகார் எழுதுகிற ஒரு கிழவி, அவ்வளவுதான். வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "வாங்கிக்கறதுன்னா வாங்கிக்க மணி. வேண்டாம்னா வேண்டாம். நான் ரசஞ்சோறே உண்டுக்கறேன்" என்றார். அப்போதுதான் அந்தப் பக்கோடா எனக்குப் புரிந்தது.

வாங்கப் போவதில்லை.

டிசம்பர் 23, செவ்வாய்

கனகவல்லி காரியத்தைக் கெடுத்துவிட்டாள், அதாவது நடத்திவிட்டாள். "எதிர்ல அக்கா இல்லீன்னா நானும் வர்ல. நான் யாரத் திட்டறது?" என்று மாரப்பன் ஐயாவிடம் சொல்லியிருக்கிறாள். நாங்கள் இருவரும் இல்லாமல் பட்டிமன்றமா? புலவர் ஐயாவே இரண்டு அணிக்கும் பேச வேண்டியதுதான். டாக்டரோடு பேசி ஒரு சமாதானம் கொண்டுவந்தார். மேடையில் முதலில் நான் பேசலாம். வழக்கைப் பற்றி ஒரு சொல்லும் வரக் கூடாது. வழக்கப்படி புரவலருக்கு நன்றி சொல்ல வேண்டும், சிரித்த முகமாக.

"சிரிச்ச மொகமாவா?" என்று கேட்டேன்.

"டாக்டரு அத அழுத்திச் சொன்னாருங்கம்மா."

ஒப்புக்கொண்டேன்.

ஜனவரி 16, மாட்டுப் பொங்கல்

டிசம்பர் தீர்ந்துவிட்டது, 'குறிப்புகள்' பக்கத்தில் எழுதுகிறேன். இங்கேயும் அந்தப் பல் சிரிக்கிறது.

தலைப்பு: குடும்ப மகிழ்ச்சிக்குத் துணை பேச்சா, மௌனமா? எனக்கு மௌனம். இருபத்திரண்டு வருடத்தில் இதைவிடப் பொருந்தாத அணி எனக்கு அமைந்ததில்லை. மேடைக்குப் பின்னால் டாக்டரின் பேனர், முப்பத்திரண்டு பல்லும் தெரிய. முன்வரிசையில் டாக்டர், பட்டு வேட்டியில், குடும்பத்தோடு. "கேஸப் பத்தி ஒரு வார்த்த கூடாதுங்க, ஞாபகம் இருக்கட்டும்" என்று கனகவல்லி மூன்றாவது முறையாகச் சொன்னாள்.

பெயரைக் கூப்பிடுவதற்குச் சற்று முன்னால் பேனருக்குப் பின்னால் போனேன். பல்லைக் கழற்றினேன். டப்பாவில் போட்டு வீட்டுக்காரரிடம் நீட்டினேன்.

"ஏனுங்க, இதப் புடிங்க."

டப்பாவைப் பார்த்தார். என் வாயைப் பார்த்தார். சட்டைப் பைக்குள் வைத்துப் பட்டன் போட்டுக்கொண்டார். "நல்லா சிரி" என்றார்.

மைக் முன்னால் நின்றேன். "இந்த விழாவின் புரவலர் முத்துநகை பல் மருத்துவமனை டாக்டர் நிஷாந்த் அவர்களுக்கு நன்றி" என்றேன். ஒரே வரி. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வரி போதுமாயிருந்தது. அப்புறம் ஒப்புக்கொண்டபடி சிரித்தேன், வாய் முழுவதும் திறந்து. இரண்டு பக்கமும் ராவிய குச்சிப் பல், நடுவில் ஓட்டை. கேமராப் பையன் தன் கடமையைச் செய்தான். மேடையோரத் திரையில் என் வாய் ஒரு ஆள் உயரத்துக்கு வந்தது. அதற்குப் பக்கத்திலேயே பேனரில் டாக்டர் சிரித்துக்கொண்டிருந்தார்.

பிறகு பெண்கள் பக்கத்தில் யாரோ "ஐயோ சாமி" என்று சிரித்தார். அது பந்தல் முழுக்கப் பரவியது. இந்தச் சிரிப்பு பெருந்துறைச் சிரிப்பு இல்லை. நானும் சிரித்தேன், கை வாய்ப்பக்கம் போகவே இல்லை. கண் கலங்கியது. தூசி ஒன்றும் இல்லை, நான்தான்.

பிறகு பத்து நிமிடம் மௌனத்தின் பெருமையைக் காற்றாகப் பேசினேன். யாருக்கும் ஒன்றும் புரிந்திருக்காது. தீர்ப்பு எங்கள் அணிக்கு.

ஜனவரி 19, திங்கள்

ஆணையத்திலிருந்து பிப்ரவரியில் விசாரணைக்கு வரச் சொல்லிக் கடிதம். அலுவலகத்தில் மின்கட்டணம் கேட்க வந்தவர்கள்கூட, பல் பைலுக்கு எப்படி எழுதிக் கேட்பது என்று விசாரிக்கிறார்கள். ஒரு பக்கத்துக்கு மேல் எழுதாதீர்கள் என்று எல்லோருக்கும் சொல்கிறேன். வீட்டில் இவர் முறுக்கை நொறுக்குகிற சத்தத்தில் செய்தி கேட்க முடியவில்லை.

சாயங்காலம் டாக்டர் நிஷாந்தே போன் செய்தார்.

"கேஸ் நடக்கறப்ப பேசக் கூடாதுன்னு உங்க வக்கீல் சொல்லலீங்களா மேடம்?"

"பேசலீங்களே டாக்டர். நன்றிதான சொன்னேன். நீங்க சொன்னாப்பல சிரிச்ச மொகமா."

"கேபிள்ல தினமும் போடறாங்க. வர்ற பேஷன்ட் எல்லாம் ஊசி போடறதுக்கு முன்னாடி எக்ஸ்ரே எங்கன்னு கேக்கறாங்க. தெருவுல போனா என்னப் பாத்து வாயத் தொறந்து காட்டறாங்க. எனக்கு எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாத்தீங்களா?"

யோசித்துப் பார்த்தேன். அவசரப்படவில்லை.

"பழகிடும் டாக்டர்" என்றேன்.